ஜீப்பை ஆட்டிப் படைத்த கூடார வண்டி! கோளாறைக் கண்டுபிடித்தவர் கட்டை வண்டி ஓட்டிய அப்பா!!

முன்னால் போனது ஜீப். பின்னால் வந்தது அவரே செய்த வண்டி.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் பின்னால் வந்த வண்டி பாம்பு போல நெளிய ஆரம்பித்தது. இடது பக்கம் ஒரு இழுப்பு. வலது பக்கம் ஒரு இழுப்பு. ஜீப்பின் வாலைப் பிடித்து யாரோ ஆட்டுகிற மாதிரி இருந்ததாம்.

“ஸ்டியரிங் என் கையிலதான் இருக்கு. ஆனா வண்டி என் பேச்சைக் கேக்கல தம்பி” என்கிறார் அந்த மெக்கானிக்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், “பிரேக் அடி மாமா, பிரேக் அடி!” என்று அலறினார். மெக்கானிக் அடிக்கவில்லை. அடித்திருந்தால் இந்தச் செய்தி வேறு மாதிரி வந்திருக்கும்.

ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். வேகம் தானாக இறங்கியது. 40 கிலோ மீட்டருக்கு வந்ததும் ஆட்டம் நின்றது. ஓரம் கட்டி இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் கால் நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனதாம்.

இது நடந்தது 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அந்த வண்டி இப்போது புதுப்பேட்டையில் ஒரு பட்டறை வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. பார்க்கப் போன நிருபரிடம் மெக்கானிக் முதலில் சொன்னது இதுதான்:-

“பேரைப் போட்டுடாதே தம்பி. இன்னும் நம்பர் வாங்காத வண்டி.”

அதனால் பெயர் இல்லை. மற்றதெல்லாம் உண்டு.

கூவக்கரையில் பிறந்தது

புதுப்பேட்டையைப் பற்றி சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழு வண்டியாக உள்ளே போனால் நட்டு வேறு, போல்ட்டு வேறாக வெளியே வரும். அங்கே 22 வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர் நம் மெக்கானிக். வயது 45. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கிய அப்பா.

எல்லாம் அந்த அப்பாவால் வந்தது.

பெரியவருக்கு 74 வயது. சொந்த ஊர் போளூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். அங்கே 2 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. வீடு இல்லை. மண் சுவர் வீடு ஒரு மழையில் உட்கார்ந்துவிட்டது. அன்று சென்னைக்கு வந்தவர், “நம்ம நிலத்துல நாலு நாள் படுத்துட்டு வரணும்” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வாராம்.

வீடு கட்டப் பணம் இல்லை. லாட்ஜில் தங்கினால் அது நிலத்தில் படுத்த மாதிரி ஆகுமா?

“சரி, வீட்டையே இழுத்துக்கிட்டு போயிடலாம்னு முடிவு பண்ணேன்” என்கிறார் மெக்கானிக்.

கண்டம் செய்த ஜீப்பின் அச்சு ஒன்று. அதே ஜீப்பின் பட்டை ஸ்பிரிங். இரும்பு சதுரக் குழாயில் 7 அடி நீளச் சட்டம். அதன் மேல் தகரப் பெட்டி. பெட்டியின் மூடியைத் திறந்து விரித்தால் நான்கு பேர் படுக்கிற கூடாரம். பின்பக்கம் கதவைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம், 80 லிட்டர் தண்ணீர் தொட்டி. பழைய இரும்பு விலைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டிங் அடித்துச் செய்தது.

பார்த்தால் அழகான வண்டிதான். பிள்ளைகள் பட்டறையிலேயே கூடாரத்தை விரித்து ஒரு ராத்திரி படுத்து எழுந்தார்கள்.

காலியாகப் போனால் சமர்த்து!

வண்டியை முதலில் தண்ணீர் ஊற்றாமல் இழுத்துப் பார்த்தார்கள். ஒழுங்காக வந்தது. ஒரு ஆட்டம் இல்லை, அசைவு இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் போன அன்றுதான் தொட்டியை நிரப்பினார்கள். ஊருக்குப் போகிற மாதிரியே போய்ப் பார்க்க வேண்டும் என்று எண்ணம். 70-ஐத் தொட்டதும் வண்டி குணத்தைக் காட்டிவிட்டது.

மச்சான் சொன்னபடி பிரேக்கை அமுக்கியிருந்தால் என்ன? ஜீப் நின்றிருக்கும். பின்னால் வரும் வண்டிக்கு பிரேக் கிடையாது. 500 கிலோவும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளியிருக்கும். ஏற்கனவே கோணலாக நெளிகிற வண்டி, கதவு கீல் மடங்குகிற மாதிரி ஜீப்போடு மடங்கியிருக்கும். இரண்டும் குட்டிக்கரணம்தான். இதைப் புதிதாகப் பின்வண்டி இழுப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

சாலை ஓரத்தில் முகம் வெளுத்து நின்றவர்களைப் பார்த்து ரோந்து போலீசார் வந்தார்கள். “இந்த வண்டிக்கு பேப்பர் எங்கே?” என்றார்கள். பேப்பர் ஏது?

மோட்டார் வாகனச் சட்டப்படி (1988) இழுத்துச் செல்லும் டிரெய்லரும் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வண்டிதான். அதற்கும் நம்பர் வேண்டும். இழுக்கிற வண்டியின் நம்பரையும் டிரெய்லரில் எழுத வேண்டும். வீட்டில் செய்ததற்கு யார் கேட்பார்கள் என்று நினைப்பது தவறு. மெக்கானிக்கும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். அபராதம் கட்டினார். 407 வண்டி பிடித்து, தன் வண்டியை அதன் மேல் ஏற்றிக்கொண்டு புதுப்பேட்டைக்குத் திரும்பினார்.

எந்தத் தைரியத்தில் நம்பர் இல்லாத வண்டியை நெடுஞ்சாலையில் இழுத்தார் என்று நிருபரும் கேட்டார். “தப்புதான். அன்னிக்கு யாராவது பைக்ல பக்கத்துல வந்திருந்தா இன்னா ஆகியிருக்கும்?” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை. நிருபரும் கேட்கவில்லை.

“பின்பாரம்டா!”

பட்டறையில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டயர் சரியில்லை என்றார் ஒருவர். அச்சு கோணல் என்றார் இன்னொருவர். அச்சை நூல் பிடித்து அளந்தார்கள். கோணல் இல்லை. டயரைக் கழற்றி மாற்றினார்கள். அதுவும் இல்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்த பெரியவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம் போய் இரண்டு கையாலும் ஊன்றி அழுத்தினார். முன்னால் கொக்கி மாட்டுகிற மூக்கு மேலே எழும்பியது.

“பின்பாரம்டா. இதுகூடத் தெரியாம இன்னாடா மெக்கானிக்கு நீ?” என்றாராம்.

பெரியவர் கட்டை வண்டி ஓட்டியவர். நெல் மூட்டையும் வேர்க்கடலை மூட்டையும் ஏற்றி 30 வருடம் ஓட்டியிருக்கிறார். அவர் சொன்ன விளக்கம் வருமாறு:-

“மூட்டையை அடுக்கும்போது கொஞ்சம் முன்பாரமா அடுக்கணும். மாட்டுக் கழுத்துல பாரம் இருக்கணும். அதுக்காக மாடு மண்டி போடுற அளவுக்கு இருக்கக்கூடாது. பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை இறுக்கும். வண்டி இப்படியும் அப்படியும் வாலாட்டும். மாடு சொல்லாது. நாமதான் பாத்துக்கணும். ஜீப்பு மட்டும் சொல்லவா போவுது?”

மகனுக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் இருந்து எடை மெஷினைத் தூக்கி வந்தார். வண்டியின் மூக்கை, ஜீப்பில் மாட்டுகிற உயரத்துக்குக் கட்டை வைத்து, மெஷின் மேல் உட்கார வைத்தார்.

தொட்டி காலியாக இருந்தால் மூக்கில் 45 கிலோ. தொட்டியை நிரப்பினால் வெறும் 15 கிலோ!

வண்டியின் மொத்த எடை தண்ணீரோடு 500 கிலோ. இந்த மாதிரி இழுவை வண்டிகளில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 15 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் போனால் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். இவர் வண்டியில் இருந்தது 3 சதவீதம்.

தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு 3 அடி பின்னால் இருந்ததுதான் வினை. சமையல் செய்கிற இடத்தில் குழாய் வேண்டும் என்று அங்கே வைத்திருந்தார். தண்ணீர் நிரம்ப நிரம்ப மூக்கு லேசாகிக்கொண்டே போனது.

அன்று சாயங்காலமே பெட்டியை அறுத்தார். மூன்று மாத வேலையை அறுக்க மனசு வருமா? “மச்சான் அழுதுட்டான்” என்கிறார். தொட்டியை அச்சுக்கு ஒரு அடி முன்னால் கொண்டுவந்து தாழ்வாக உட்கார வைத்தார். குழாயை மட்டும் நீட்டிப் பின்பக்கம் கொண்டுபோனார். மறுபடியும் எடை மெஷின். மூக்கில் 55 கிலோ. தண்ணீர் தீர்ந்துபோனாலும் 45 கிலோ நிற்கும்.

பெரியவர் மறுபடியும் ஊன்றி அழுத்திப் பார்த்தார். மூக்கு எழும்பவில்லை.

முட்டை சோதனை

அதற்குப் பிறகு தார் ரோட்டில் இழுப்பதில்லை என்று முடிவு. 2024 மே மாதம் 407-ல் ஏற்றி நேராக ஊர் நிலத்தில் இறக்கினார்கள். வேர்க்கடலை எடுத்த காடு. பங்காளிகள் நிலத்தையும் சேர்த்தால் 6 ஏக்கர். நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு வரப்பு, கல்லும் மண்ணுமாய் ஒரு வண்டிப்பாதை. சோதனைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இங்கே சோதனை அதிகாரி மெக்கானிக்கின் மனைவி. ஒரு டஜன் முட்டையை அட்டையோடு சமையல் பெட்டிக்குள் வைத்தார். “இது உடையாம வந்தாத்தான் மாமாவை இதுல படுக்க வைப்பேன்” என்று சொல்லிவிட்டார்.

முதல் சுற்று முடிந்து திறந்தார்கள். பிழைத்தவை 2. பெட்டிக்குள் ஆம்லெட்!

காரணம் ஸ்பிரிங். ஜீப்பில் இருந்த 9 பட்டையையும் அப்படியே போட்டிருந்தார். அது ஜீப்பின் எடைக்குச் செய்தது. இந்த லேசான வண்டிக்கு அது ஸ்பிரிங்கே இல்லை, இரும்புக் கட்டை. கல்லில் ஏறினால் சக்கரம் மட்டும் எழும்பாமல் முழு வண்டியும் பந்து மாதிரி குதித்தது.

பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். 5 பட்டையில் வந்து நின்றது. இரண்டு பக்கமும் ஷாக் அப்சர்பர் மாட்டினார். டயரில் 32 பவுண்டு காற்று இருந்ததை மண் பாதைக்கு 20 ஆக இறக்கினார். காற்று குறைந்தால் டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். தார் ரோட்டுக்கு ஏறுமுன் மறக்காமல் திரும்ப அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கிழியும்.

நான்காவது சுற்றில் 11 முட்டை பிழைத்தது. பன்னிரண்டாவது முட்டை ஏற்கனவே விரிசல் விட்டது என்று மெக்கானிக் இன்றும் சாதிக்கிறார். வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

வெல்டிங் விட்டது!

முட்டை தப்பியது. இரும்பு தப்பவில்லை.

வாய்க்காலில் இறங்கி ஏறும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், முன்னால் நீளும் ஏர்க்கால் சட்டத்தோடு சேரும் இடத்தில் மயிர் போல ஒரு விரிசல். வெல்டிங் அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்துக் குழாய்தான் பிளந்திருந்தது. நெடுஞ்சாலையில் இது நடந்திருந்தால்? எழுதவே கை வரவில்லை.

புதுப்பேட்டையில் 22 வருடம் வெல்டிங் அடித்தவருக்கு இது அவமானமாகப் போய்விட்டது. ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். காரணம் இதுதான்: அதிகமாக வளையும் இடத்தில் குழாய்க்குக் குறுக்கே மேலும் கீழும் வெல்டிங் வைத்திருக்கிறார். சூடுபட்ட இரும்பு அந்தக் கோட்டில் வலு குறையும். வண்டி குதிக்கிற ஒவ்வொரு குதியும் அதே கோட்டில் வந்து இடிக்கும்.

இப்போது ஒற்றை ஏர்க்கால் இல்லை. இரண்டு கால், ‘ஏ’ எழுத்து மாதிரி கூராகச் சேர்ந்து, சட்டத்தின் அடியில் பாதி தூரம் வரை ஓடுகிறது. சேரும் இடங்களில் முனை குறுகிய தகடு வைத்து, வெல்டிங்கை நீளவாக்கில் பக்கத்தில் ஓட்டியிருக்கிறார்.

கொக்கியும் மாறியது. முதலில் இருந்தது குண்டு வைத்த கொக்கி. நல்ல ரோட்டுக்கு அது போதும். வரப்பில் ஜீப் ஒரு பக்கம் சாய, வண்டி மறுபக்கம் சாய, குண்டு திருகிக்கொண்டது. இப்போது ராணுவ வண்டிகளில் இருக்கிற மாதிரி வளையமும் கொக்கியும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வளையம் சுழலும். கடகடவென்று சத்தம் போடும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. முதல் ஜீப்பை 1940-ல் செய்து காட்டியது அமெரிக்காவில் பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. பெரிய ஆர்டர் எல்லாம் வில்லிஸ், போர்டு கம்பெனிகளுக்குப் போய்விட்டது. பாண்டமுக்குக் கிடைத்தது ஜீப்புக்குப் பின்னால் இழுக்கிற கால் டன் டிரெய்லர் செய்யும் வேலை. யுத்தம் முடிந்து அந்த டிரெய்லர்கள் ஏலத்துக்கு வந்தன. அதை வாங்கிக் கூடாரம் கட்டிக் காட்டுக்கு இழுத்துப் போனவர்கள் உண்டு. நம் புதுப்பேட்டைக்காரருக்கு இந்தக் கதை தெரியாது. சொன்னதும், “அப்போ நம்ம ஜாதிதான் அவங்களும்” என்று சிரித்தார்.

கொக்கியே கழன்றால்? அதற்கு இரண்டு சங்கிலி. கொக்கிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருக்கிறார். கழன்று விழும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

தூசியும் தண்ணீரும்

அடுத்த தொல்லை தூசி. கதவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பெட்டிக்குள் செம்மண். ஓடுகிற வண்டியின் பின்பக்கம் காற்று உறிஞ்சும். சந்து இருந்தால் தூசி உள்ளே போகும். ரப்பர் பீடிங் ஒட்டியும் முழுதாக நிற்கவில்லை. கடைசியில் கூரையின் முன்பக்கம், காற்றைப் பார்த்த மாதிரி ஒரு மூக்குத் துவாரம் வைத்து வலை போட்டார். முன்னால் இருந்து நுழைகிற காற்று பெட்டியை நிரப்பி, சந்து வழியாக வெளியே தள்ளுகிறது. இப்போது தூசி உள்ளே வர முடிவதில்லை.

நவம்பர் மாதம் மழையில் நிருபரும் கூடப் போயிருந்தார். வாய்க்காலில் முழங்கால் தண்ணீர். அரை மணி நேரம் சேற்றில் ஓட்டிவிட்டு, நேராகத் தண்ணீரில் இறக்கப் போனார் மச்சான். மெக்கானிக் ஓடிவந்து நிறுத்தினார்.

“கையை வெச்சுப் பாரு தம்பி” என்று சக்கரத்தின் ஹப்பைக் காட்டினார். சுட்டது. சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துவிடும். பிறகு பேரிங் போகும், சக்கரமும் போகும். அதற்கு முந்தின வாரம் அப்படி ஒரு பேரிங் போய்விட்டது. ஆளுக்கு ஒரு டீ குடித்து, ஹப் ஆறிய பிறகுதான் இறக்கினார்கள்.

அன்று இரவு பெரியவர் தன் நிலத்தில் படுத்தார். வண்டியின் மேல் கூடாரம், அதன் மேல் மழை. ஒரு மூலையில் ஒழுகியது. தையல் ஓட்டை. மெழுகுவர்த்தியைத் தேய்த்து அடைத்தார்கள். பெரியவர் அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. விடியற்காலையில் வரப்பில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். தூங்கினீர்களா என்று கேட்டதற்கு, “தூக்கம் எதுக்கு தம்பி? அதை மெட்ராஸ்ல தூங்கிக்கிறேன்” என்றார்.

மலைக்குப் போகவில்லை

பிள்ளைகளுக்கு ஜமுனாமரத்தூர் வரை போக வேண்டும், காவலூரில் வானத்தைப் பார்க்கும் கூடத்தையும் பார்க்க வேண்டும் என்று ஆசை. மெக்கானிக் முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு காரணம்.

முதலாவது காடு. கண்ட இடத்தில் கூடாரம் போட அது நம் நிலம் இல்லை. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைந்தாலே குற்றம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் காட்டுத்தீயில் 23 பேர் பலியானதை யாரும் மறந்திருக்க முடியாது.

இரண்டாவது பிரேக். 500 கிலோ வண்டி, தனக்கென்று பிரேக் இல்லாமல் மலை இறக்கத்தில் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வரும். ஜீப்பின் பிரேக் சூடேறித் தேய்ந்தால் கொண்டை ஊசி வளைவில் கடவுள்தான் பிடிக்க வேண்டும். “பிரேக் வெக்காம மலை ஏத்த மாட்டேன். எங்க நைனாவே கேட்டாலும் ஏத்த மாட்டேன்” என்கிறார்.

அதனால்தான் வண்டி மறுபடியும் 407 ஏறிப் புதுப்பேட்டைக்கு வந்திருக்கிறது. ஜீப் வேகம் குறைக்கும்போது வண்டி முன்னால் தள்ளுமே, அந்தத் தள்ளலையே வைத்து வண்டியின் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற அமைப்பு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். வெளிநாட்டு டிரெய்லர்களில் இது உண்டு.

நம்பர் வாங்கவும் அலைகிறார். வரைபடம் கேட்டார்கள், கொடுத்தார். சோதனைச் சான்று கேட்கிறார்கள். வீட்டில் ஒருவர் செய்த ஒற்றை வண்டிக்கு அதை எப்படி வாங்குவது என்று கேட்டால், அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள். சரியான சோதனை இல்லாமல் எவன் வேண்டுமானாலும் வண்டி செய்து ரோட்டில் இழுக்கலாம் என்று விட முடியாதுதான். ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைக் கேட்ட பிறகு நிருபர் அதிகாரிகள் பக்கம்தான். ஆனால் எங்கே போய் எதைக் காட்ட வேண்டும் என்பதை ஒரே தடவையில் சொல்லிவிட்டால் ஒரு தொழிலாளியின் நான்கு நாள் கூலியாவது மிஞ்சும்.

வண்டியின் பின்பக்கம் நம்பர் பிளேட் வைக்க இடம் விட்டிருக்கிறார். காலியாக இருக்கிறது. பெரியவர் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்தை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போகிறாராம்.

பிரேக் டிரம் ஜோடியாக வேண்டும். நேற்று வரை ஒன்று கிடைத்திருக்கிறது.